நியூரோ டாக்டர் அப்பா உள்ளங்கால்ல சாவியால கீறிட்டு கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க சொல்றார், காலுக்கும் கழுத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

நாத்தங்கால்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. அப்பாவுக்கு 64 வயசு, 15 வருஷமா சுகர், மெட்ஃபார்மின் மாத்திரைதான், ஊசி இல்ல. ஏழெட்டு மாசமா நடை சரியில்ல, கால் ரெண்டும் மரக்கட்டையாட்டம் விறைப்பா இருக்குங்கறாரு, வாசப்படில தடுக்குறாரு, ஒரு நாள் கடைக்கு போயிட்டு ஒத்த செருப்போட வந்து நிக்கறாரு, இன்னொன்னு எங்கப்பான்னு கேட்டா அப்பதான் குனிஞ்சு காலையே பாக்கறாரு. பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம், இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம், எல்4 எல்5-ல, அதாவது இடுப்போட நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் பிதுங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்னு தேதி வரைக்கும் பேசியாச்சு. மாமாதான் எதுக்கும் ஒரு நியூரோ டாக்டரை பாத்துட்டு பண்ணுங்கடான்னு பிடிவாதமா கூட்டிட்டு போனாரு.

அந்த டாக்டர் எம்.ஆர்.ஐ. கவரையே பிரிக்கல. அப்பாவை நடக்க விட்டு பாத்தாரு. படுக்க வச்சு முட்டில சுத்தியால தட்டினாரு, கால் எகிறி அவர் கையை இடிச்சுது. குதிகால் பின்னாடி தட்டினாரு, அங்க ஒண்ணும் அசையல. அப்புறம் பாக்கெட்லேருந்து கார் சாவியை எடுத்து உள்ளங்கால்ல குதிகால்லேருந்து மேல ஒரு கோடு இழுத்தாரு பாருங்க, கட்டைவிரல் மெதுவா, யாரோ நூல் கட்டி இழுக்கற மாதிரி மேல நிமிந்து நின்னுச்சு. ரெண்டு கால்லயும் அதேதான். "இடுப்பு ஆபரேஷன் வேணாம், கழுத்துக்கு ஒரு படம் எடுங்க, ரத்தத்துல பி12 பாருங்க"ன்னு எழுதி குடுத்துட்டாரு. வெளிய அம்பது பேர் நிக்கறாங்க, மேல கேக்க முடியல. கால்ல கோடு போட்டா கழுத்து எப்படி தெரியும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

பாத_புள்ளி:
இதுல ஆச்சரியமே இல்ல சகோ. உள்ளங்கால்ல உடம்போட எல்லா உறுப்புக்கும் புள்ளி இருக்கு. கட்டைவிரல் அடி கழுத்துக்கான புள்ளி. தினமும் அங்க அழுத்தி விடுங்க, எம்.ஆர்.ஐ. செலவே வேணாம்.

ஓய்வு_ஸ்டெத்:
மேல சொன்னவருக்கு முதல்ல ஒரு வார்த்தை. தம்பி, நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா இது அது இல்ல. தயவுசெஞ்சு படம் எடுக்கறதை தள்ளி போட வைக்காதீங்க. கழுத்துல தண்டுவடம் நசுங்கியிருந்தா ஒவ்வொரு மாசமும் கணக்கு.

குமரனோ கண்ணனோ, நாத்தங்கால்காரரே, 31 வருஷம் ஜி.எச்.கள்ல மெடிசின் பாத்தவன் சொல்றேன், உங்க மாமாவுக்கு ஒரு வேட்டி எடுத்து குடுங்க.

அந்த டாக்டர் பாத்தது பிளான்டார் ரிஃப்ளெக்ஸ். பெரியவங்களுக்கு உள்ளங்காலோட வெளி ஓரத்துல அழுத்தி கீறினா கட்டைவிரல் கீழ மடங்கணும். மேல போச்சுன்னா அதுக்கு பேர் பாபின்ஸ்கி சைன். மூளையோட மேல் பரப்புலேருந்து தண்டுவடம் வழியா ஒரு நரம்புப்பாதை இறங்குது, பிரமிடல் டிராக்ட்னு சொல்லுவோம், கை கால் அசைவுக்கு ஆர்டர் போடறது அதுதான். அந்த பாதை எங்கயாவது அடிபட்டாதான் விரல் மேல போகும். பாதை எங்க முடியுதுன்னு பாக்கணும், அங்கதான் உங்க கேள்விக்கு பதில் இருக்கு. பெரியவங்களுக்கு தண்டுவடம் இடுப்புல முதல் எலும்பு, ரெண்டாவது எலும்பு, அதாவது எல்1 எல்2 பக்கத்துலயே முடிஞ்சிடுது. அதுக்கு கீழ வெறும் நரம்புக்கொத்து, குதிரை வால் மாதிரி தொங்கும். எல்4 எல்5-ல டிஸ்க் எவ்வளவு பிதுங்கினாலும் நசுங்கறது அந்த வால் நரம்புதான். வால் நசுங்கினா கால் தொளதொளன்னு ஆகும், ரிஃப்ளெக்ஸ் குறையும், கட்டைவிரல் மேல போகாது. உங்க அப்பாவுக்கு முட்டி எகிறுது, கால் விறைப்பு, விரல் மேல போகுது. அப்போ கோளாறு எல்1-க்கு மேல எங்கயோ. இடுப்புல கத்தி வச்சிருந்தா தையல் போட்டதுதான் மிச்சம்.

அந்த டிஸ்க் பிதுக்கம் பொய்யில்ல. 60 தாண்டின பாதி பேருக்கு மேல படம் எடுத்தா ஏதாவது பிதுங்கித்தான் இருக்கும், வலியே இல்லாதவங்களுக்கும்.

ஒரு கேள்வி. அப்பாவோட கை எப்படி? சட்டை பட்டன் போடறாரா? டாக்டர் நடுவிரல் நகத்தை சுண்டி பாத்தாரா?

நாத்தங்கால்:
ஐயா!! நடுவிரலை சுண்டினாரு, ஆமா, அப்ப கட்டைவிரல் உள்பக்கமா வெட்டுன மாதிரி இழுத்துச்சு, நான் ஏதோ விளையாட்டு காட்டறாருன்னு நெனச்சேன். பட்டன் விஷயத்தை நான் எழுதவே இல்ல, எப்படி கேட்டீங்க? நாலு மாசமா அம்மாதான் போட்டு விடறாங்க. வயசாயிடுச்சு கண்ணு தெரியலன்னு சொல்லிட்டு இருந்தாரு.

ஓய்வு_ஸ்டெத்:
கையும் காலும் சேந்து பாதிச்சிருந்தா முதுகை விட கழுத்து மேலதான் சந்தேகம் விழும். விரலை சுண்டறது ஹாஃப்மேன் சைன், காலுக்கு பாபின்ஸ்கி எப்படியோ கைக்கு அது. அதனாலதான் அவர் கவரை பிரிக்கல. படம் எடுங்க.

எச்எஸ்_ஹாஸ்டல்:
சார் நான் இப்ப சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது ஹவுஸ் சர்ஜன். பைனல் இயர் எக்ஸாம்ல இதுலதான் வாங்கி கட்டிக்கிட்டேன். லாங் கேஸ் ஹெமிபிளீஜியா, ஒரு பக்கம் கை கால் விழுந்த பேஷன்ட். நல்லாத்தான் ஓடிட்டு இருந்தது, கடைசில "வலது பக்கம் பாபின்ஸ்கி பாசிட்டிவ், இடது பக்கம் பாபின்ஸ்கி நெகட்டிவ் சார்"னு சொன்னேன், வெளியிலேருந்து வந்த எக்ஸாமினர் பேனாவை மூடி டேபிள் மேல வச்சிட்டாரு. "பாபின்ஸ்கியாவது நெகட்டிவாவது, அது என்ன பிரெக்னன்சி டெஸ்டா? விரல் கீழ போனா பிளான்டார் பிளெக்சர், மேல போனா பிளான்டார் எக்ஸ்டென்சர், அசையலன்னா மியூட், சைன் இருக்கு இல்ல, அவ்வளவுதான் பாஷை"ன்னு. அப்புறம் செஞ்சு காட்ட சொன்னாரு, நான் சர்ருன்னு ஒரு கோடு இழுத்தேன் பேஷன்ட் மொத்த காலையும் உதறிட்டாரு. "யோவ் நீ என்ன தீக்குச்சியா உரசற?"ன்னாரு. பாஸ் பண்ணிட்டேன், ஆனா இன்னிக்கும் சாவியை பாத்தா கை நடுங்குது 😅

பிசியோ_பாண்டி:
ஹாஹா தம்பி தீக்குச்சி கதை எல்லா காலேஜ்லயும் உண்டு.

எப்படி செய்யணும்னா, பேஷன்ட் மல்லாக்க படுத்து காலை நீட்டி இருக்கணும், முட்டி மடங்க கூடாது. ஒரு கையால கணுக்காலை லேசா பிடிச்சுக்கணும். குதிகாலோட வெளி ஓரத்துல ஆரம்பிச்சு, மெதுவா, அஞ்சு ஆறு செகண்ட் எடுத்துக்கிட்டு சுண்டுவிரல் அடி வரைக்கும் போய், அங்கேருந்து உள்பக்கமா வளைச்சு கட்டைவிரல் அடி மேட்டுக்கு முன்னாடியே நிறுத்திடணும். அந்த மேட்டை தொட்டா விரல் தானா மடங்கிக்கும், இருக்கற சைனையும் மறைச்சிடும். கண்ணு முழுக்க கட்டைவிரல் மேலதான், அதுவும் அதோட முதல் அசைவு. முதல்ல மேல போயிட்டு அப்புறம் கீழ வந்தா அதை மேலன்னுதான் எழுதணும். மத்த விரல் விசிறி மாதிரி விரியறது இருந்தாலும் இருக்கும் இல்லாமலும் போகும்.

கூச்சத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறதுதான் பெரிய வேலை. கூச்சத்துல இழுக்கறவங்க இடுப்பு முட்டி எல்லாத்தையும் சேத்து வெடுக்குன்னு இழுப்பாங்க, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்கும், சிரிப்பாங்க. நிஜமான சைன் நிதானமா வரும், பத்து தடவை கீறினாலும் அதே மாதிரி வரும். நாத்தங்கால் அண்ணே "நூல் கட்டி இழுக்கற மாதிரி"ன்னு எழுதினீங்களே, டெக்ஸ்ட்புக்ல கூட இவ்வளவு சரியா இல்ல.

வார்டு_சிஸ்டர்:
டாக்டருங்க எல்லாம் எழுதறாங்க நானும் ஒண்ணு சொல்றேன். 22 வருஷமா மெடிசின் வார்டு. எங்க ஊர் பக்கம் பெரியவங்க, அதுவும் வயசான அம்மாக்கள், டாக்டர் காலை தொட வந்தாலே சட்டுனு இழுத்துக்குவாங்க. "ஐயோ நீங்க போய் என் காலை தொடறதா சாமி, பாவம்"னு எழுந்து உக்காந்துடுவாங்க. அதையும் ரிஃப்ளெக்ஸ்னு எழுதிட்டு போன ஹவுஸ் சர்ஜனை பாத்திருக்கேன். முதல்லயே "அம்மா கால்ல ஒரு கோடு போடுவோம், கூசும், நீங்க பாட்டுக்கு சும்மா இருங்க"ன்னு பேச்சு குடுத்துட்டு செஞ்சா வேலை சுலபம்.

இன்னொன்னு, காலம்பூரா வெறுங்கால்ல வயல்ல நின்னவங்க பாதம். பித்தவெடிப்பு, தோல் அரை விரற்கடை தடிச்சிருக்கும். சாவி இல்ல கடப்பாரையால கீறினாலும் தெரியாது. எங்க சீஃப் ஒருத்தர் வெந்நீர்ல துணியை நனைச்சு பாதத்தை துடைக்க சொல்லுவாரு, அப்புறம்தான் பாப்பாரு. மெட்டி இறுக்கமா இருந்தாலும் கொஞ்சம் கவனிக்கணும், விரல் விரியறது சரியா தெரியாது.

எச்எஸ்_ஹாஸ்டல்:
சிஸ்டர் அந்த மாதிரி தடிச்ச கால்லதான் சாடாக் பாக்கணும்னு சொல்லி குடுத்தாங்க, வெளி கணுக்கால் எலும்புக்கு கீழ சுத்தி முன்னாடி கீறறது, அங்க தோல் மெலிசு. முழங்கால் எலும்பு மேல விரல் முட்டியால அழுத்தி இறக்கினா ஓப்பன்ஹைம், கெண்டைக்காலை பிடிச்சு அமுக்கினா கோர்டன். பேர் மட்டும் பதினஞ்சு இருபது இருக்கு சார் 😭 எதை செஞ்சாலும் பாக்கறது அதே கட்டைவிரலைத்தான்.

ஓய்வு_ஸ்டெத்:
சின்ன திருத்தம் தம்பி. ஓப்பன்ஹைம் முழங்கால் எலும்பு இல்ல, முட்டிக்கு கீழ கணைக்கால் எலும்பு, அதோட முன் ஓரம். பேரெல்லாம் வைவாவுக்கு. பாபின்ஸ்கி, சாடாக் ரெண்டும் ஒழுங்கா செஞ்சா போதும்.

குட்டிமா_அம்மா:
இழைக்கு சம்பந்தமில்லாம கேக்கறேனோ தெரியல, ஆனா நேத்து ராத்திரி இதை படிச்சிட்டு சும்மா இருக்காம எங்க 5 மாச பாப்பா கால்ல விரலால கோடு போட்டு பாத்துட்டேன், கட்டைவிரல் மேல போய் மத்த விரல் எல்லாம் விரிஞ்சுடுச்சு!!! ராத்திரி பூரா தூக்கமில்ல, வீட்டுக்காரர்கிட்ட சொன்னா திட்டுவாரு. யாராவது இருக்கீங்களா

ஓய்வு_ஸ்டெத்:
அம்மாடி, பாப்பா நல்லா இருக்கு. போய் தூங்குங்க. பச்சப்புள்ளைங்களுக்கு விரல் மேல போறது சகஜம். நான் சொன்ன அந்த நரம்புப்பாதைக்கு மேல் உறை பிறந்தப்பவே முழுசா போத்தி வர்றதில்ல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் மூடும். நடக்க ஆரம்பிக்கற சமயம், ஒரு வயசு வாக்குல மாறும், சில பிள்ளைங்களுக்கு ரெண்டு வயசு வரை கூட ஆகும். பாப்பா சிரிக்குதா, குப்புற விழுதா, பொருளை எட்டி பிடிக்குதா, அதை பாருங்க.

இதுலயே ஒரு அழகு இருக்கு. முள்ளு குத்தினா காலை எப்படி இழுப்போம்? இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லாம் மடங்கி மொத்த காலும் சுருங்கும், விரலும் கூடவே மேல போகும். அதுதான் தண்டுவடத்துக்கு பொறந்ததுலேருந்தே தெரிஞ்ச வேலை. நிமிந்து நடக்க பழகறப்ப மூளை அதுல கட்டைவிரலை மட்டும் பிரிச்சு அடக்கி வைக்குது. மேலேருந்து வர்ற அடக்கு போச்சுன்னா பழைய பழக்கம் திரும்ப வெளிய வருது. அந்த விரல் புதுசா எதுவும் செய்யல.

குட்டிமா_அம்மா:
டாக்டர் சார் உங்களுக்கு கோடி புண்ணியம். இனிமே பாப்பா காலை மருதாணி வைக்கத்தான் தொடுவேன்.

கம்பி_கணக்கு:
ஒரு சந்தேகமுங்க. நான் இன்ஜினியர், மெடிக்கல் தெரியாதுங்க. எம்.ஆர்.ஐ. மெஷின் தெருவுக்கு ஒண்ணு வந்தாச்சு, இன்னும் எதுக்குங்க கார் சாவியும் சுத்தியலும்? ஒவ்வொரு டாக்டர் ஒவ்வொரு மாதிரி கீறுவாரு, ஒருத்தர் மேலம்பாரு ஒருத்தர் கீழம்பாரு. தலையிலேருந்து கால் வரை ஒரே ஸ்கேன் எடுத்துட்டா முடிஞ்சுதுங்களே?

பிசியோ_பாண்டி:
நல்ல கேள்விண்ணே, ஆனா இந்த இழையோட முதல் போஸ்டே உங்களுக்கு பதில். அவங்க அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க, பிழை ஒண்ணும் இல்ல, எடுத்த இடம்தான் தப்பு. மெஷினுக்கு எங்க பாக்கணும்னு யாராவது சொல்லணும்ல.

ஓய்வு_ஸ்டெத்:
கம்பி கணக்கு சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, ஒத்துக்கணும். 2005-ல நியூராலஜி பத்திரிகைலயே ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு. டாக்டர்களை பேஷன்டோட பாதத்தை மட்டும் பாக்க சொன்னாங்க. பாபின்ஸ்கில அவங்களுக்குள்ள ஒத்து போறது ரொம்ப கம்மியா இருந்தது. அதை விட பாதத்தை தரையில, இல்ல டாக்டர் கையில வேகமா தட்ட சொல்லி பாக்கற டெஸ்ட் நம்பகமா இருந்துச்சு. எந்த கால் தட்டறது தடுமாறுதோ அந்த காலுக்கு வர்ற பாதையில கோளாறு. அதனால விரலை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லக்கூடாது. நடை, விறைப்பு, மத்த ரிஃப்ளெக்ஸ் எல்லாம் ஒரே கதையை சொல்லுதான்னு பாக்கணும். நாத்தங்கால் அப்பாவுக்கு எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுது.

சில நேரம் விரல் மேல போறது நிரந்தரமும் இல்ல. பழைய கதை ஒண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தரை பக்கவாதம்னு தூக்கிட்டு வந்தாங்க, வலது கை கால் விழுந்திருந்தது, பேச்சில்ல, பிளான்டார் ரெண்டும் மேல. சிஸ்டர்தான் "சார் வேர்வை பாருங்க"ன்னாங்க. சுகர் 32. குளுக்கோஸ் ஏத்தினோம், கால் மணி நேரத்துல எழுந்து உக்காந்து டீ கேட்டாரு. திரும்ப கீறி பாத்தேன், விரல் கீழ. வலிப்பு வந்து முடிஞ்ச கொஞ்ச நேரமும் இப்படி இருக்கும்.

கம்பி_கணக்கு:
அப்படி சொல்லுங்க. ஒத்துக்கறனுங்க.

நாத்தங்கால்:
ஐயா இன்னொன்னு. முட்டில எகிறினது சரி, குதிகால் பின்னாடி தட்டினப்ப ஒண்ணுமே அசையலியே? எல்லாம் கழுத்துன்னா அதுவும் எகிறணும் இல்லயா? பி12 எதுக்கு?

பிசியோ_பாண்டி:
இது என் ஏரியா. அது ஆங்கிள் ஜெர்க், எஸ்1 நரம்பு வேரை, அதாவது முதுகோட அடியிலேருந்து காலுக்கு வர்ற நரம்பை பாக்கறது. நிறைய பேர் சுத்தியால பாதத்தை தட்டிட்டு ஆடுதான்னு பாப்பாங்க, தப்பு. முட்டியை மடக்கி தொடையை வெளிப்பக்கமா தவளை மாதிரி சாய விட்டு, பாதத்தை லேசா மேல தள்ளி பிடிச்சுக்கிட்டு, குதிகால் பின்னாடி தசைநார் இழுபட்டு நிக்கறப்ப சுத்தியோட தலை தன் கனத்துல விழணும். கண்ணு கெண்டைக்கால் சதை மேல, அது துடிக்குதான்னு. வரலைன்னா உடனே "இல்ல"ன்னு எழுதிடாதீங்க, ரெண்டு கை விரலையும் கொக்கி மாதிரி கோத்து இழுக்க சொல்லி அந்த நொடியில தட்டணும், ஒளிஞ்சிருக்கறது வெளிய வரும். ஜென்ட்ராசிக்னு ஹங்கேரி டாக்டர் 1885-ல சொன்ன வித்தை, மெஷினோ காசோ வேணாம்.

தைராய்டு கம்மியா இருக்கறவங்களுக்கு இங்கதான் தமாஷ், தட்டினா பாதம் இறங்கும், திரும்ப வர்றதுக்கு சோம்பேறித்தனமா யோசிச்சு யோசிச்சு வரும்.

ஓய்வு_ஸ்டெத்:
பாண்டி நல்லா சொல்லிட்டாரு. உங்க அப்பாவுக்கு 15 வருஷ சுகர், நீளமான நரம்புங்கதான் முதல்ல போகும், அதனால ஆங்கிள் ஜெர்க் இல்லாம போயிருக்கலாம். கழுத்துல தண்டுவடம் நசுங்கறது ஒண்ணு, கால் நரம்புல சுகர் இன்னொன்னு. ஆனா ஆங்கிள் ஜெர்க் இல்ல, அதே கால்ல விரல் மேல போகுது, இந்த ஜோடியை பாத்தா எந்த டாக்டருக்கும் மூணு நாலு பேர் வரிசையா மனசுல ஓடும், அதுல பி12 குறைவு முக்கியமானது. தண்டுவடத்தையும் அரிக்கும், கால் நரம்பையும் அரிக்கும். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடறவங்களுக்கு பி12 குறையறது தெரிஞ்ச விஷயம். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டெஸ்ட் மட்டும் பாருங்க.

எச்எஸ்_ஹாஸ்டல்:
அந்த பாபின்ஸ்கி யாரு சார், ஒரு விரலை வச்சு இவ்வளவு பேர் வாங்கிட்டாரு

ஓய்வு_ஸ்டெத்:
ஜோசப் பாபின்ஸ்கி. பாரிஸ்ல 1857-ல பொறந்தவரு, அப்பா அம்மா போலந்துலேருந்து தப்பி வந்தவங்க. அப்ப பேர் பெத்த நரம்பு டாக்டர் சார்கோவோட சிஷ்யன். 1887-ல ப்ரூயே வரைஞ்ச ஓவியம் ஒண்ணு இருக்கு, சார்கோ பாடம் எடுக்கறாரு, ஒரு பொண்ணு மயங்கி சாயுறா, அவளை தாங்கி பிடிச்சுக்கிட்டு நிக்கறவரு இவர்தான். 1892-ல பெரிய புரொபசர் போட்டித்தேர்வு எழுதி தேறல, அதோட காலம்பூரா புரொபசரே ஆகல, பாரிஸ்ல பிட்டியே ஆஸ்பத்திரில வார்டு பாத்துக்கிட்டே இருந்துட்டாரு. 1896 பிப்ரவரி 22-ம் தேதி இந்த விரல் சமாச்சாரத்தை சொன்ன கட்டுரை மொத்தமே 28 வரி. அந்த காலத்துல நிஜமா நரம்பு கெட்டு கால் விழுந்தவங்களையும் மனசு பாதிச்சு கால் வராதவங்களையும் பிரிக்க வழியில்லாம முழிச்சாங்க. மனசால வர்ற முடக்கத்துல விரல் மேல போகாது, வேணும்னு நடிக்கவும் கஷ்டம், அதான் அது பெரிய கண்டுபிடிப்பு. விரல் விசிறி மாதிரி விரியறதை 1903-லதான் தனியா எழுதினாரு. கல்யாணம் பண்ணிக்கல, மைனிங் இன்ஜினியரான அண்ணன்கூடவே இருந்தாரு, அண்ணன் பெரிய சமையல் புத்தகமே எழுதினவரு, தம்பிக்கு சாப்பாட்டுக்கு குறைவில்ல.

எக்ஸாம்ல திட்டு வாங்கினவங்க அவரே தேர்வுல தேறலங்கறதை நெனச்சு ஆறுதல் பட்டுக்கலாம்.

நாத்தங்கால்:
நேத்து ராத்திரி தைரியமா பால்பாயின்ட் பேனாவை மூடி போட்டு அம்மா கால்ல முயற்சி பண்ணேன். "போடா கழுதை"ன்னு எட்டி உதைச்சாங்க. அது பிளெக்சரா எக்ஸ்டென்சரா? 😄

பிசியோ_பாண்டி:
மியூட் இல்லங்கறது மட்டும் உறுதி ண்ணே. வீட்ல சோதிக்க வேணாம், முக்கியமா சுகர் இருக்கற அப்பா கால்ல கூர்மையா எதையும் வச்சு கீறிடாதீங்க, குண்டூசி ஊக்கு எல்லாம் சுத்தமா கூடாது. அவருக்கு உணர்ச்சி கம்மி, காயம் ஆனா தெரியாது, ஆறவும் ஆறாது.

வார்டு_சிஸ்டர்:
ஆமாங்க. எங்க வார்டுல நாக்கை அழுத்தற மரக்குச்சியை ரெண்டா உடைச்சு மழுங்கின ஓரத்தால பாத்துட்டு தூக்கி போட்டுடுவோம். கார் சாவி எந்த எந்த கையில போச்சோ.

நாத்தங்கால்:
எல்லாருக்கும் அப்டேட். ஏழு வாரம் ஆச்சு, எழுத முடியல மன்னிச்சுக்கோங்க. கழுத்து எம்.ஆர்.ஐ.ல சி4 சி5, சி5 சி6 ரெண்டு இடத்துலயும் தண்டுவடம் நசுங்கியிருக்கு, ஒரு இடத்துல உள்ள வெள்ளையா மாறியிருக்கு. பி12-ம் கம்மி, ஊசி போயிட்டு இருக்கு. கழுத்து பின்பக்கம் எலும்பை திறந்து இடம் பண்ணி ஆபரேஷன் முடிஞ்சுது. மூணாவது வாரம் செக்கப் போனோம், டாக்டர் திரும்ப கீறினாரு (இந்த தடவை மரக்குச்சி, சிஸ்டர்!), விரல் இன்னும் மேலதான் போகுது. எனக்கு பக்குன்னு ஆச்சு. விரல் அப்படியே இருந்துட்டாலும் இருக்கும், மேல மோசமாகாம நிறுத்தறதுக்குத்தான் ஆபரேஷன், விரலை பாக்காதீங்க நடையை பாருங்கன்னாரு.

நடை கொஞ்சம் தேவலாம். பின்னாடி வார் வச்ச செருப்பு வாங்கி குடுத்திருக்கோம். சட்டையில கீழ் பட்டன் மூணும் அவரே போடறாரு, மேல ரெண்டுக்கு இன்னும் அம்மாவை கூப்பிடறாரு. மாமாவுக்கு வேட்டி எடுத்தாச்சு ஐயா.